இருபதாயிரமாவது தாள்

சாய்ந்தமருது பிரதான வீதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த சபூறாவை எனக்கு முதலில் தாள்கள் வழியாகத்தான் தெரியும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நான் கல்முனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். யுத்த காலம். கடலுக்குப் போகப் பாஸ், நிவாரண அட்டை, வெளிநாட்டு வேலைக்கு நற்சான்றிதழ் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அடையாள அட்டையின் பிரதி ஒன்று வேண்டும். நாள் முழுக்க அந்தப் பிரதிகளை வாங்கிச் சரிபார்த்து அடுக்குவதுதான் என் வேலை. சபூறாவின் கடையில் எடுத்த பிரதியைப் பார்த்த உடனே சொல்லிவிடுவேன். மற்றக் கடைத் தாள்களில் கறுத்து மங்கிப்போகும் முகங்கள் அவருடைய தாளில் மட்டும் மூக்கும் முழியுமாகத் தெரியும்.

அவர் குவைத்தில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அப்போது வயது முப்பத்தெட்டு இருக்கும். கணவர் ஆதம்பாவா கரைவலைக்காரர். குவைத்துக் காசில் மற்றவர்கள் கல்வீடு கட்டியபோது சபூறா மட்டும் ஒரு தொழில் வேண்டும் என்று நின்றார். ஏற்கனவே தையல் மெசின் வைத்திருந்தவர். அதைப் பிரித்துப் பூட்டி எண்ணெய் விட ஒருவரையும் அவர் கூப்பிட்டதில்லை.

கொழும்புக் கொம்பனி ஒன்று போட்டோக்கொப்பி மெசின்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு வந்தது. ஒரு கடையின் முன்னறையில் வைத்துக் காட்டினார்கள். விற்க வந்த ஷிப்லி என்ற இளைஞன் சபூறாவிடம், "ராத்தா, இந்தக் கண்ணாடில கைய வையுங்க" என்றானாம். அவர் வைத்தார். வெளிச்சம் ஓடியது. மறுபக்கத்தால் வந்த தாளில் அவருடைய உள்ளங்கை இருந்தது. மீன் வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு, குவைத்தில் அடுப்பில் சுட்ட தழும்பு எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மெசினையும் வாங்கினார். இங்கிலீசில் நான்கு பக்கம் கொண்ட ஒப்பந்தம் ஒன்று கொடுத்தார்கள். காட்டிய இடங்களில் தமிழில் கையெழுத்து வைத்தார்.

முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு தொண்ணூற்றாறு மாசியில் ஒரு காலை, யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கண்ணாடியில் வைத்துச் சபூறா பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஓடவில்லை. பொத்தான்களுக்கு மேலே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. பக்கத்தில் சாவி போல ஒரு சின்னப் படம்.

சபூறா கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தார். தாள் இருந்தது. கறுப்புத் தூள் இருந்தது. எங்கும் தாள் சிக்கவில்லை, புகை வரவில்லை, மணம் இல்லை. நிறுத்தி மறுபடி போட்டார். மெசின் நல்ல சுகதேகியாக உறுமியது. ஆனால் வேலை செய்யமாட்டேன் என்றது.

கல்முனைக்குப் போய் ஒரு கொமியுனிகேஷன் கடையிலிருந்து கொழும்புக்குப் பேசினார். மறுமுனையில் இருந்த பெண் மெசின் இலக்கத்தைக் கேட்டு, ஏதோ ஏட்டைப் பார்த்து, "இருபதாயிரம் கொப்பி முடிஞ்சிது. சேர்விஸ் செய்யணும். ஆள் வரும்" என்றாளாம்.

"என்ன பழுது புள்ள?"

"பழுது இல்ல மேடம். சேர்விஸ்."

ஆள் வரப் பதினொரு நாள் ஆயிற்று. வந்தவன் பெயர் குணம். மட்டக்களப்புப் பொடியன், கொழும்பில் அந்தக் கொம்பனியில் தொழில்நுட்ப வேலை. அம்பாறை வழியாக வந்த பஸ்ஸை நிறுத்தி நான்கு சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றினார்களாம். பையில் இருந்த திருகுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டவேண்டி வந்ததாம். களைத்துப்போய் வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மூடியைத் திறந்தான். தூரிகையால் தட்டினான், துணியால் துடைத்தான். கடைசியில் பொத்தான்களுக்கு முன்னால் போய், முதுகைச் சபூறாவுக்குக் காட்டிக்கொண்டு நின்று, ஏதோ அழுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

சபூறா அருகில் போனார். "தம்பி, என்ன பழுதாகியிருந்திச்சு?"

"ஒண்டும் பழுதில்ல அக்கா."

"அப்ப ஏன் நிண்டிச்சு?"

"கணக்கு முடிஞ்சிட்டு. அதான்."

"யார்ட கணக்கு?"

குணம் சிரிக்கப் பார்த்தான். பிறகு பையை மூடினான். "மிசின்ட கணக்கு அக்கா. ஒவ்வொரு இருபதாயிரத்துக்கும் நாங்க வந்து துடைச்சு விடணும். இல்லாட்டி உள்ள கெட்டுப்போகும். உங்கட நன்மைக்குத்தான்."

"துடைக்கிற எண்டா நான் துடைப்பனே. இப்ப நீங்க என்னத்த அமத்தின?"

"அத நாங்க சொல்லக்கூடா."

அன்று பின்னேரம் சபூறா பக்கத்து வீட்டு றஹீமா டீச்சரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனார். றஹீமா பெண்கள் பாடசாலையில் இங்கிலீசு படிப்பிப்பவர். நான்கு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். மெசின் வாங்கியவருக்குச் சொந்தம். ஆனால் கொம்பனி ஆளைத் தவிர வேறொருவரும் அதைத் திறக்கக்கூடாது. திறந்தால் தூளும் உதிரிப்பாகமும் கொடுக்கக் கொம்பனி கடமைப்பட்டதல்ல.

"அப்ப இது என்ட மிசினா இல்லயா டீச்சர்?"

"உங்கட மிசின் எண்டு இதில எழுதியிரிக்கு."

"என்ட மிசின நான் திறக்கக்கூடா எண்டும் எழுதியிரிக்கு?"

"ஓம். அதுவும் எழுதியிரிக்கு."

றஹீமா டீச்சர் என்னிடம் பிற்காலத்தில் சொன்னது: "எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிச்சு. வசனம்தான் விளங்கல்ல."

இரண்டாம் தரம் மெசின் நின்றது அந்த வருடம் கார்த்திகையில். மழைக்காலம். அதற்கு முந்திய வாரம்தான் எங்கள் அலுவலகத்தில் கடல் பாஸ் புதுப்பிக்கும் அறிவித்தல் ஒட்டினோம். மீனவர்கள் எல்லாரும் ஒரு மாதத்துக்குள் அடையாள அட்டைப் பிரதியோடு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் சேர்த்து இராணுவ முகாமுக்கு அனுப்புவோம். பாஸ் இல்லாதவர் கடலில் இறங்க முடியாது.

சபூறா கொழும்புக்குப் பேசினார். ஆள் வரும் என்றார்கள். வெள்ளம் வந்து பாதை உடைந்தது. ஒரு வாரம் போனது. வீதியில் ஏதோ நடந்து பஸ்கள் நின்றன. இன்னொரு வாரம் போனது. மெசின் மூலையில் சுத்தமாக, முழுசாக, சிவப்பு விளக்கோடு நின்றது. ஆதம்பாவா கடைக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னகா இது? மாடு படுத்தாலும் நோயெண்டு தெரியும். வள்ளம் ஓடாட்டி ஓட்டையெண்டு தெரியும். இது ஒண்டுமில்லாமச் சும்மா நிக்குதே."

காரைதீவில் பூபாலசிங்கம் என்றொருவர் இருந்தார். ரேடியோ, டேப் ரெக்கோடர் திருத்துபவர். முன்பெல்லாம் சாய்ந்தமருதுக்கு வாரம் ஒருமுறை வந்து வீடு வீடாகத் திருத்திக்கொடுப்பார். தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் பிரச்சினை வந்த பிறகு ஆறு வருடமாக அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு மைல்கூட இல்லை. சபூறா ஆள் அனுப்பினார். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, சைக்கிளில் வந்து இறங்கினார். சைக்கிளை வீதியைப் பார்த்தபடி திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"சுகமா இரிக்கியா தங்கச்சி?"

"அல்ஹம்துலில்லாஹ். இரிங்கண்ண, தேத்தண்ணி குடிங்க."

"முதல்ல சாமானக் காட்டு."

இரண்டு மணித்தியாலம் மெசினுக்குள் தலையை விட்டிருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "தங்கச்சி, நானும் முப்பது வருசமா இந்த வேல செய்யிறன். பழுதில்லாம நிக்கிற சாமான் ஒண்ட இப்பதான் பாக்கிறன். மோட்டர் நல்லம். லைட் நல்லம். எல்லாம் நல்லம். இது வேணுமெண்டு நிக்குது."

"வேணுமெண்டா?"

"ஓம். யாரோ நில் எண்டு சொல்லிவெச்சிரிக்கான்."

உள்ளே பச்சைப் பலகை ஒன்றில் பொத்தானளவில் ஒரு மின்கலம், பெற்றரி, இருந்தது. மெசின் எண்ணுவதை எல்லாம் அதுதான் மறக்காமல் வைத்திருக்கிறது என்று அவர் நினைத்தார். கழற்றட்டுமா என்று கேட்டார். சபூறா வாசலைப் பார்த்தார். கொம்பனிக்காரன் எவனாவது வீதியில் நிற்கிறானோ என்பதுபோல.

"கழட்டுங்க."

கால்மணி நேரம் கழித்துத் திரும்பப் பூட்டிக் கரண்டைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை. தாள் ஓடி வந்தது. சபூறா வாய்விட்டுச் சிரித்தாராம். பூபாலசிங்கத்துக்கும் சிரிப்பு. வெளியே போய்ச் சைக்கிளைத் திருப்பிச் சுவரோடு சாய்த்துவிட்டு வந்து தேநீர் குடித்தார்.

அன்றும் மறுநாளும் கடலுக்குப் போகிறவர்கள் வந்து குவிந்தார்கள். விண்ணப்ப முடிவு நாள் நெருங்கிவிட்டது. அவசரத்தில் பிரதிகளை எடுத்துக் கொடுத்தபடியே இருந்தார் சபூறா. வலது பக்கம் இருட்டாக வருகிறதே என்று பார்த்தாராம். தூள் புதிது, ஓட ஓடச் சரிவரும் என்று நினைத்தாராம்.

முப்பத்தொரு விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. அடையாள அட்டையில் படம் இருக்கும் பக்கம் முழுவதும் கறுப்பு. முகம் இருந்த இடத்தில் ஒரு சதுர இருட்டு. காதும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. பெயரும் இலக்கமும் மட்டும் பளிச்சென்று இருந்தன. நான் அவற்றைத் திருப்பி அனுப்பினேன். முகாமுக்கு அப்படி அனுப்பியிருந்தால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். திருப்பி அனுப்பியவற்றில் ஆதம்பாவாவுடையதும் ஒன்று.

அவர்கள் எல்லாரும் கல்முனையில் வேறு கடையில் எடுத்துக்கொண்டு வர, முடிவு நாள் தாண்டிவிட்டது. முகாமில் சொல்லிக் கெஞ்சி வாங்க இன்னும் ஐந்து நாள். ஐந்து நாளும் அவர்கள் கரையில் இருந்தார்கள். அந்த ஐந்து நாளும் கீரி மீன் நன்றாகப் பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆதம்பாவா சத்தம் போடவில்லை. சோறு தின்னும்போது மட்டும், "என்ட மொகத்த நீயே கறுப்பாக்கிட்டியேகா" என்றாராம். விளையாட்டுக்குச் சொன்னாரா கோபத்தில் சொன்னாரா என்று சபூறாவுக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்தது என்று நினைக்கிறேன்.

பூபாலசிங்கம் திரும்ப வந்து பார்த்தார். பெற்றரியைக் கழற்றியபோது மெசின் மறந்தது கணக்கை மட்டுமல்ல. வெளிச்சத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வழி அவருக்குத் தெரியாது. "பிழ என்ட" என்றார். காசு வாங்காமல் போனார்.

குணம் வந்தது மெசின் நின்று முப்பத்திரண்டாம் நாள். மூடியைத் திறக்குமுன்னே திருகின் தலையைப் பார்த்தான். அதில் புதுக் கீறல்.

"யார் அக்கா திறந்த?"

சபூறா பொய் சொல்லவில்லை. "நான்தான் திறக்கச் சொன்ன."

அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "இத நான் எழுதித்தான் ஆகணும். எழுதாட்டி அடுத்ததா வாறவன் எழுதுவான். அப்ப என்ட வேல போயிரும்."

"எழுதுங்க தம்பி. ஆனா வெளிச்சத்தச் சரிபண்ணிட்டு எழுதுங்களன். கடலுக்குப் போறவங்கட மொகம் தெரியணும்."

"கேட்டுப்போட்டுத்தான் தொடலாம்." கொமியுனிகேஷனுக்குப் போய்க் கொழும்புக்குப் பேசிவிட்டு வந்தான். தலையைக் குனிந்துகொண்டே பையை எடுத்தான். தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பிறகு கடிதம் வந்தது. ஒப்பந்தம் முறிந்தது, இனித் தூள் விற்கமாட்டோம், விரும்பினால் கொழும்பு அலுவலகத்துக்கு வந்து பேசலாம். சபூறா மெசின் வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டார். றஹீமா டீச்சரையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். கொழும்புக்குப் போக ஒரு பகல். மறுநாள் காலை இருவரும் அந்த அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முகாமையாளர் தமிழ் பேசினார். மிக மரியாதையான மனிதர் என்று இருவருமே சொன்னார்கள். குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். மழை எப்படி, பாதை எப்படி என்று கேட்டார்.

சபூறா பற்றுச்சீட்டை மேசையில் விரித்தார். "சேர், இந்த மிசின் யார்ட?"

"உங்களுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை."

"அப்ப அது நிண்டா ஓட வெக்கிற பொத்தான் எதுவெண்டு செல்லித் தாங்க."

"அது எங்களுடைய தொழில் இரகசியம், மேடம்."

"மிசின் என்ட?"

"உங்களுடையது."

"அதுக்குள்ள இரிக்கிற இரகசியம் உங்கட?"

"ஆமாம்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. அதுதான் தன்னை அதிகம் குழப்பியது என்று சபூறா என்னிடம் சொன்னார். ஏமாற்றுகிறவர் முகம் என்றால் தனக்கு விளங்கியிருக்கும். அது அப்படி இருக்கவில்லை.

பிறகு முகாமையாளர் ஒரு புது வழி சொன்னார். பழைய மெசினைத் திருப்பிக் கொடுங்கள். புதிது ஒன்று தருகிறோம், நீங்கள் வாங்கவே தேவையில்லை. அது எங்களுடையது. எத்தனை தாள் எடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் மாதம் மாதம் கட்டுங்கள். தூள், சேர்விஸ், பழுது எல்லாம் எங்கள் பொறுப்பு. உங்களுக்கு ஒரு தலையிடியும் இல்லை.

"ஆள் வர முப்பத்திரண்டு நாள் எண்டா?"

"அது பாதை நிலைமை, மேடம். அதற்கு நாங்கள் என்ன செய்வது?"

சபூறா பேனாவைக் கையில் எடுத்தார். கையெழுத்து வைக்காமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்.

திரும்பி வந்த பஸ்ஸில் அவர் யோசித்ததெல்லாம் குவைத்தைப் பற்றித்தானாம். போய் இறங்கிய அன்றே அந்த வீட்டு எசமானி (மடம் என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்) சபூறாவின் பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில் பூட்டினாள். உன்னிடம் இருந்தால் தொலைந்துபோகும், என்னிடம் பத்திரமாக இருக்கும் என்றாள். பாஸ்போட்டில் சபூறாவின் படம், சபூறாவின் பெயர். அலுமாரித் திறப்பு மடத்தின் இடுப்பில். நான்கு வருடம் அவர் அதைக் கண்ணால் காணவில்லை. ஆனால் மடம் சொன்னது பொய்யில்லை. புறப்படும் நாள் அதை ஒரு மடிப்பும் கசங்காமல் எடுத்துக் கொடுத்தாள். "அவ நல்லவவா கெட்டவவா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா தம்பி" என்றார் சபூறா. "பாஸ்போட் பத்திரமா இரிந்திச்சு. நான்தான் எங்கயும் போக ஏலாம இரிந்தன்."

ஊருக்கு வந்த பிறகு அவருக்கு வேறொரு கவலை வந்தது. கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை மீறிவிட்டோம், இது வாக்கு மாறியதாகுமா என்று. பள்ளிவாசல் மௌலவியிடம் ஆதம்பாவாவை விட்டுக் கேட்டார். இரண்டு வெள்ளி ஜும்ஆ கழித்துத்தான் மௌலவி ஆதம்பாவாவைக் கூப்பிட்டார். "ஒட்டகத்த வித்தவர், ஊடு போய்ச் சேருமட்டும் அதில ஏறிப்போறன் எண்டு பேசிக்கொண்டா அதுக்கு இடம் இரிக்கு. ஊடு வந்தா இறங்கணும். இந்தக் கொம்பனிக்காரங்க எப்ப இறங்குவாங்க எண்டுதான் எனக்கு விளங்கல்ல. விளங்காத ஒண்டுக்கு நான் ஹலால் ஹராம் செல்லமாட்டன்."

அதோடு கடை மூடிக் கிடந்தது. மெசினுக்கு மேலே வெள்ளைச் சீலை ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, சபூறா தைக்கத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. அந்தக் காலத்தில்தான் எனக்கும் அவருக்கும் பேச்சுப் பழக்கம் வந்தது. என் பெண்சாதியின் சட்டைத் துணியைக் கொடுக்கப் போனேன். நான் யார் என்று தெரிந்ததும், "நீங்கதானா மொகம் தெரியல்ல எண்டு திருப்பி அனுப்பின கிளாக்கர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரிதானே. நானெண்டாலும் அனுப்பியிருப்பன்" என்று அளவு நாடாவை எடுத்தார்.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் ஒரு மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நின்றது. குணம். கொம்பனியை விட்டுவிட்டானாம். மட்டக்களப்பில் சொந்தமாகத் திருத்தும் கடை போட்டிருந்தான். கேட்காமலே சீலையை நீக்கி, மெசினின் மூடியைத் திறந்தான். பின்னேரம் வரை இருந்து வெளிச்சத்தைச் சரிசெய்தான். வேறொரு கொம்பனியின் தூள் இதற்கும் பொருந்தும் என்று ஒரு போத்தலைக் காட்டினான். பழைய கொம்பனி அது பொருந்தாது என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தது. சபூறா தன் அடையாள அட்டையை வைத்து அழுத்தினார். முகம் வந்தது.

பிறகு குணம் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "அக்கா, நானும் ஒரு ஒப்பந்தம் வெச்சிரிக்கன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வாறன். வருசத்துக்கு ஒரு தொகை. கொம்பனியவிடக் குறைவு."

சபூறா அந்தத் தாளை வாங்கவில்லை. "தம்பி, பாதை பூட்டினா நீ எப்படி வருவ?"

குணம் தாளைத் திரும்ப மடித்தான்.

"பொத்தான் எதுவெண்டு எழுதித் தா. தமிழில எழுதித் தா."

"அத எழுதித் தந்தா நீங்க என்ன எதுக்குக் கூப்பிடுவீங்க?"

"பழுதானாக் கூப்பிடுவன்."

"பழுதாகாட்டி?"

"பழுதாகாட்டிச் சும்மா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

கடைசியில் அவன் பாடசாலை அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, பதினான்கு வரி எழுதினான். எந்தப் பொத்தானை முதலில், எதை இரண்டு தரம், எந்த இலக்கம் வந்தால் எதைத் தொடக்கூடாது என்றெல்லாம். எழுதி முடித்துச் சொன்னான்: "வேற ஒருத்தருக்கும் காட்டவேணாம் அக்கா. இதுதான் என்ட சோறு." சபூறா காட்டமாட்டேன் என்றார்.

அடுத்த இருபதாயிரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்த அன்று நானும் கடையில் இருந்தேன். என் மகளின் சான்றிதழ்களைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். அவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, ஒவ்வொரு வரியாக வாசித்து அழுத்தினார். விளக்கு அணைந்தது. எனக்குச் சந்தோசம். அவருக்கோ முகம் தெளியவில்லை. மூடியைத் திறந்து உள்ளே துணியால் துடைத்தார். துணி கன்னங்கறுப்பாக வந்தது.

"பாருங்க தம்பி. உள்ள ஊத்தைதான். துடைக்கத்தான் வேணும். அப்ப அவங்க சொன்னது பொய்யில்லையே?"

"பொய்யில்லைத்தான்."

"அப்ப நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டன்?"

துடைக்க வேண்டும் என்று சொல்வது வேறு, துடைக்க விடாமல் பூட்டி வைப்பது வேறு என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டினார். விளங்கிய தலையாட்டல் அல்ல அது.

அந்த வருட முடிவில் ஆலையடிவேம்பிலிருந்து ஒரு மனிதர் வந்தார். செல்லத்தம்பி என்று பெயர். அதே வான் வண்டியில் வந்த அதே வகை மெசினை அவரும் வாங்கியிருந்தார். பாடசாலைப் பரீட்சைத் தாள்களை எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கையில் மெசின் நின்றுவிட்டது. சபூறாவின் மெசின் ஓடுகிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

சபூறா அவரை இருக்கச் சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்தார். திரும்ப வைத்தார். குணத்தோடு பேசிப் பார்ப்போம் என்று கல்முனைக்கு ஆள் அனுப்பினார். மட்டக்களப்புக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. எழுதிய கை குணத்தினது. கொப்பி சபூறாவினது. எழுதியிருப்பது கொம்பனியின் இரகசியம். மெசின் செல்லத்தம்பியினது. இதில் நான் யாருக்கு என்ன சொல்ல வேண்டும், சொல்லுங்கள் என்று அவர் பிறகு என்னிடம் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து, கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சூடு ஆறாத தாளைச் செல்லத்தம்பியிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அடுத்த வாரம் குணத்துக்குத் தானே பேசிச் சொன்னார். ஆலையடிவேம்பு மனிதரோடு குணம் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தானாம். இனி அது நடக்காது. அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். மூன்று மாதம் வரவில்லை. சபூறா அதற்காக உண்மையாகவே வருந்தினார். தான் செய்தது வாக்கு மாறியதுதான் என்று என்னிடமே இரண்டு தரம் சொன்னார். ஆனால் செல்லத்தம்பி திரும்ப வந்திருந்தால் திரும்பவும் கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார்.

தொண்ணூற்றொன்பது பங்குனியில் மெசினுக்குள் இருந்த உருளை உண்மையாகவே தேய்ந்துவிட்டது. தாள் முழுவதும் கோடு விழுந்தது. கொப்பியின் பதினான்கு வரியும் அதற்கு உதவவில்லை. சபூறா மட்டக்களப்புக்குச் சொல்லி அனுப்பினார். வருவானோ மாட்டானோ என்று இருந்தது. நான்காம் நாள் குணம் வந்தான், பையில் புது உருளையோடு.

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்காமலே, "நீங்க செஞ்சது பிழை அக்கா" என்றான்.

"ஓம் தம்பி."

"ஆனா அந்த மனுசன்ட சோதனைத் தாள் எல்லாம் நேரத்துக்குப் போயிட்டாம்."

"ஓம். சொன்னாங்க."

அவன் திருகைக் கழற்றிச் சபூறாவின் கையில் கொடுத்தான். அவர் அதைத் தாள் ஒன்றில் சுற்றி வைத்தார். அடுத்த திருகையும் கொடுத்தான். இந்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. உருளையை எப்படிப் பிடிக்க வேண்டும், வெளிச்சம் படாமல் எப்படிச் சீலையால் மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்தான். சபூறா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பேர் அடையாள அட்டையோடு வந்து நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களுக்குக் கையால் காட்டினார்.